சாயம் ஏறாத மூளை: டாக்டர் பால் எர்லிக் வாழ்க்கைக் கதை



1990-களில் வங்கியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கவுண்டரில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஜெர்மனியின் 200 மார்க் நோட்டு ஒன்றிரண்டு கைக்கு வரும். அதில் தாடி வைத்த, கண்ணாடி போட்ட ஒரு மனிதரின் படம் இருக்கும். பின்பக்கம் ஒரு மைக்ராஸ்கோப். ராஜா, மந்திரி, தேசத் தலைவர் என்று யாரும் இல்லாமல் ஒரு டாக்டரை நோட்டில் போட்டிருக்கிறார்களே என்று நினைப்பேன். அடுத்த வாடிக்கையாளர் வந்துவிடுவார், அந்த நினைப்பும் போய்விடும். அவர் பெயர் பால் எர்லிக். அவரைப் பற்றித் தேடிப் படிக்க நான் ஓய்வு பெற வேண்டியிருந்தது.

படிக்க வைத்தது என் அண்ணனின் நோய். அவருக்குப் பார்க்கின்சன். கை நடுக்கம், நடையில் தயக்கம். டாக்டர் கொடுத்த மாத்திரை சில நாள் நன்றாக வேலை செய்யும், சில நாள் சாப்பிட்டதே தெரியாது. கம்பெனி சரியில்லை, டாக்டர் சரியில்லை என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னோம். கடைசியில் டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். அண்ணன் காலையில் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் எடுத்துக்கொண்டு, அதோடு மாத்திரையையும் போட்டுக்கொள்வார். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடச் சொன்னார் டாக்டர். காரணமும் சொன்னார். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறதாம், அதன் வாசலில் முட்டையும் மாத்திரையும் முண்டியடிக்கின்றனவாம். அந்தச் சுவரைப் பற்றிப் படிக்கப் போனால், முதல் பக்கத்திலேயே நம் 200 மார்க் மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவர் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சாயப் பைத்தியம்

எர்லிக் 1854 மார்ச் 14 அன்று ஸ்ட்ரெலன் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது ஜெர்மனியின் பிரஷ்யப் பகுதி, இன்று போலந்தில் இருக்கிறது. அம்மா வழியில் உறவினரான கார்ல் வெய்கர்ட் அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். நோய்க்கூறு அறிஞரான வெய்கர்ட், துணிக்குப் போடும் அனிலின் சாயங்களை வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் திசுக்களுக்கு நிறம் ஏற்றும் வித்தையைச் செய்துகொண்டிருந்தார். சிறுவன் பாலுக்கு அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

அந்தக் காலத்து ஜெர்மனியில் சாயத் தொழில் கொடிகட்டிப் பறந்தது. நிலக்கரித் தாரிலிருந்து விதவிதமான செயற்கைச் சாயங்கள் வந்துகொண்டிருந்தன. எர்லிக் மருத்துவம் படிக்கப் போனார், ஆனால் மனம் முழுக்கச் சாயத்தில் இருந்தது. 1878-ல் லைப்சிக்கில் அவர் கொடுத்த பட்ட ஆய்வும் திசுக்களுக்குச் சாயம் ஏற்றுவதைப் பற்றியதுதான்.

அவரைப் பிடித்து ஆட்டியது ஒரே கேள்வி. ஒரு சாயம் சில செல்களில் ஒட்டுகிறது, பக்கத்திலேயே இருக்கும் வேறு செல்களில் ஒட்டுவதில்லை. ஏன்? அந்தச் செல்லில் அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். இந்த நினைப்பை அவர் கடைசி வரை விடவில்லை. அவர் சாதித்ததும் இதனால்தான், சறுக்கியதும் இதனால்தான்.

படிப்பு முடிந்ததும் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் சேர்ந்தார். ரத்த வெள்ளணுக்களைச் சாயம் ஏற்றி வகை வகையாகப் பிரித்துக் காட்டினார். இன்று நாம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில், ஈசினோஃபில் என்று பார்க்கிறோமே, அந்தப் பிரிவுகள் அவர் போட்டவை. 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்த கூட்டத்தில் எர்லிக்கும் இருந்தார். சீக்கிரமே அந்தக் கிருமிக்கு இன்னும் தெளிவாக நிறம் ஏற்றும் வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 1883-ல் ஹெட்விக் பிங்குஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தனர்.

சரியான பதிவு, தவறான தலைப்பு

1885-ல் எர்லிக் ஒரு புத்தகம் வெளியிட்டார். உடலின் எந்தெந்தப் பாகம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்பதைச் சாயங்கள் வழியே பார்த்த ஆய்வு அது. உயிருள்ள விலங்குகளின் உடலுக்குள் சாயத்தைச் செலுத்தி, எந்த உறுப்பில் நிறம் ஏறுகிறது என்று பார்த்தார். ஈரல், சிறுநீரகம், தசை என்று மற்ற உறுப்புகளில் நிறம் ஏறியது. மூளையும் முதுகுத் தண்டும் மட்டும் வெளுப்பாகவே இருந்தன.

நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் என்ன நினைத்திருப்போம்? சாயம் மூளைக்குள் போகவில்லை, ஏதோ தடுத்திருக்கிறது என்று நினைத்திருக்கலாம். எர்லிக் அப்படி நினைக்கவில்லை. சாயம் ஒட்டுவதும் ஒட்டாததும் அந்தந்தச் செல்லின் குணம் என்பது அவர் கொள்கை. ஆகவே மூளைத் திசுவுக்கு இந்தச் சாயங்கள் மீது நாட்டம் இல்லை என்று எழுதி முடித்துவிட்டார். அவர் அப்படி நினைத்ததற்குக் காரணமும் உண்டு. அடுத்த ஓரிரு வருடங்களில் மெத்திலீன் புளூ என்ற சாயம் உயிருள்ள நரம்புகளிலேயே அழகாக ஒட்டுவதை அவரே கண்டார். ஒரு சாயம் ஒட்டும், இன்னொன்று ஒட்டாது என்ற அவர் எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது.

கணக்கு எழுதிய எனக்கு இது பழக்கப்பட்ட தவறு. தொகை சரியாக இருக்கும், தேதி சரியாக இருக்கும், கணக்குத் தலைப்பு மட்டும் மாறிப் போயிருக்கும். பேரேடு டாலி ஆகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. யாராவது வவுச்சரை எடுத்து மறுபடி பார்க்கும் வரை அந்தத் தவறு அப்படியே இருக்கும். எர்லிக்கின் பதிவு 28 வருடம் அப்படி இருந்தது.

வவுச்சரை எடுத்துப் பார்த்தவர் எர்லிக்கின் மாணவர் எட்வின் கோல்ட்மன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அறுவை மருத்துவராக இருந்தவர். 1909-ல் அவர் டிரைப்பான் நீலம் என்ற சாயத்தை விலங்குகளின் ரத்தத்தில் செலுத்தினார். உடம்பே நீலமானது, மூளை மட்டும் வெள்ளை. 1913-ல் அதையே திருப்பிப் போட்டார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது அல்லவா, அந்த நீருக்குள் நேராகச் சாயத்தைச் செலுத்தினார். இப்போது மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் நிறம் மாறவில்லை.

ஒட்டாது என்று எழுதப்பட்ட சாயம் நன்றாகவே ஒட்டியது. அதுவரை அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தாக வேண்டும். கோல்ட்மன் இன்னொன்றையும் கவனித்தார். ரத்தத்தில் நிறையச் செலுத்தியபோது ஒன்றும் ஆகாத விலங்குகளுக்கு, மூளை நீரில் கொஞ்சம் செலுத்தியதுமே வலிப்பு வந்தது. அந்தச் சுவர் எதற்காக இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்தது. அந்த வருடமே கோல்ட்மன் இறந்துபோனார்.

606

எர்லிக்கின் கதைக்குத் திரும்புவோம். 1880-களின் கடைசியில் அவருக்கே காசநோய் வந்தது. எகிப்துக்குப் போய் ஓய்வெடுத்துத் திரும்பினார். பிறகு கோக்கின் நிறுவனத்தில் இடம் கிடைத்தது. தொண்டை அடைப்பான் நோய்க்கு எமில் பெரிங் கண்டுபிடித்த சீரம் ஒவ்வொரு முறை ஒவ்வொரு வீரியத்தில் இருந்தது. அதை அளந்து, தரப்படுத்தி, நம்பிக் கொடுக்கும் மருந்தாக்கியதில் எர்லிக்கின் பங்கு பெரிது. 1899-ல் ஃப்ராங்ஃபர்ட்டில் அவருக்கென்று ஒரு ஆய்வு நிறுவனம் அமைந்தது. நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆய்வுக்காக 1908-ல் மெச்னிகோஃபுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

சாயம் சில செல்களில் மட்டும் ஒட்டுவது போல, கிருமியில் மட்டும் ஒட்டி, கிருமியை மட்டும் கொல்லும் ஒரு ரசாயனம் செய்ய முடியாதா என்பது அவர் கனவு. மந்திரத் தோட்டா என்று அதற்கு அவர் பெயர் வைத்திருந்தார். அந்த நாளில் ஐரோப்பாவை ஆட்டிவைத்தது சிபிலிஸ் என்ற மேகநோய். ஆர்சனிக் சேர்ந்த நூற்றுக்கணக்கான ரசாயனங்களை அவர் ஆட்கள் செய்து, ஒவ்வொன்றாகப் பரிசோதித்தனர். 606 என்று எண் போட்ட ஒன்று 1907-லேயே தயாராகி, பயனில்லை என்று அலமாரிக்குப் போயிருந்தது. 1909-ல் ஜப்பானிலிருந்து வந்த சஹாச்சிரோ ஹாட்டா என்ற இளம் ஆய்வாளர் பழைய புட்டிகளை எல்லாம் மறுபடி பரிசோதித்தார். 606 முயல்களின் மேகநோயைக் குணப்படுத்தியது. இங்கேயும் ஒரு வவுச்சர் மறுபரிசீலனை!

1910-ல் சால்வர்சான் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. கிருமியைக் குறிவைத்து ஆய்வுக்கூடத்தில் தயாரித்த மருந்துகளில் முதல் பெரிய வெற்றி அது. புண்கள் ஆறின. உலகம் முழுவதிலிருந்தும் எர்லிக்குக்குக் கடிதங்கள் குவிந்தன.

ஆனால் ஒரு கூட்டம் குணமாகவில்லை. மேகநோய்க் கிருமி சிலருக்குப் பல வருடம் கழித்து மூளையைத் தாக்கும். புத்தி பேதலிக்கும், கை கால் விழும். அப்படிப்பட்டவர்களால் மனநோய் மருத்துவமனைகள் நிரம்பியிருந்தன. 1913-ல் நொகுச்சி, மூர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இறந்த நோயாளிகளின் மூளைக்குள்ளேயே அந்தக் கிருமி இருப்பதைக் காட்டினர். நரம்பில் ஏற்றிய சால்வர்சான் அங்கே போதிய அளவு போய்ச் சேரவில்லை. 1885-ல் எர்லிக்கின் சாயத்தைத் தடுத்த அதே சுவர் இப்போது அவர் மருந்தையும் தடுத்தது.

டாக்டர்கள் சுற்றுவழி தேடினார்கள். 1912-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஸ்விஃப்ட், எல்லிஸ் என்ற இருவர், நோயாளிக்குச் சால்வர்சான் ஏற்றிவிட்டு, அவர் ரத்தத்தையே எடுத்து, அதன் சீரத்தை முதுகுத் தண்டு நீருக்குள் செலுத்திப் பார்த்தனர். கதவு திறக்காவிட்டால் கொல்லைப்புறமாகப் போகும் வழி. பெரிய பலன் கிடைக்கவில்லை. 1917-ல் வியன்னாவில் வாக்னர்-யாவ்ரெக் என்பவர் மலேரியாக் காய்ச்சலை வரவழைத்துக் கிருமியை அடக்கப் பார்த்தார். அதற்கு 1927-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள் என்றால், வேறு வழி இல்லாமல் எவ்வளவு தவித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு பென்சிலின் வந்துதான் நிலைமை மாறியது. இன்றைக்கும் மூளையைத் தொட்ட மேகநோய்க்குச் சாதாரண ஊசி போதாது. நரம்பு வழியே அதிக அளவில் 10 முதல் 14 நாள் பென்சிலின் ஏற்றுகிறார்கள். காரணம் அதே சுவர்.

எர்லிக்கின் கடைசி வருடங்கள் நிம்மதியாக இல்லை. மருந்தின் பக்கவிளைவுகளை வைத்துப் பத்திரிகைகளில் தாக்கினார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போய், 1914-ல் அவர் சாட்சி சொல்ல வேண்டி வந்தது. ஓயாத வேலையும் ஓயாத சுருட்டும் உடம்பைக் கெடுத்திருந்தன. 1915 ஆகஸ்ட் 20 அன்று, 61 வயதில் காலமானார். நாஜிகள் ஆட்சியில் யூதர் என்பதால் தெருப் பலகையிலிருந்தும் அவர் பெயரை எடுத்தார்கள். மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அந்த மனிதரின் முகத்தைத்தான் அதே நாடு 1990-ல் நோட்டில் அச்சடித்தது.

நம் கேட் மாதிரி

சுவர் எங்கே இருக்கிறது என்பது 1967-ல்தான் தெளிவானது. ரீஸ், கார்னோவ்ஸ்கி என்ற இருவர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எலியின் மூளையைப் பார்த்தனர். தனியாகச் சுவர் என்று எதுவும் இல்லை. மூளையின் நுண் ரத்தக் குழாய்களே சுவர். மற்ற உறுப்புகளில் இந்தக் குழாய்ச் செல்களுக்கு நடுவே சந்து இருக்கும், மருந்து கசிந்து வெளியே வரும். மூளையில் செல்கள் சந்தில்லாமல் ஒட்டித் தைத்தது போல இருக்கின்றன.

நம் வளாகத்து கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று யாரையும் கேட்காமல் உள்ளே வரும். கொழுப்பில் கரையும் சின்னப் பொருட்கள் அப்படித்தான் நுழைகின்றன. காபியும் சிகரெட்டின் நிகோட்டினும் மதுவும் சட்டென்று தலைக்கு ஏறுவது இதனால்தான். பால்காரருக்கும் பேப்பர் போடுபவருக்கும் நாம் பாஸ் கொடுத்திருக்கிறோம். மூளையும் தனக்கு வேண்டிய சர்க்கரைக்கும் புரதத் துகள்களான அமினோ அமிலங்களுக்கும் தனித்தனி வாசல் வைத்திருக்கிறது. தெரியாத ஆள் எப்படியோ நுழைந்துவிட்டால் செக்யூரிட்டி வெளியே அனுப்புவார். அதற்கும் அந்தச் செல்களில் பம்புகள் உண்டு. வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபரமைடு மாத்திரை அபின் இனத்தைச் சேர்ந்தது. ஆனாலும் சொன்ன அளவில் சாப்பிட்டால் போதை ஏறாததற்குக் காரணம், அந்தப் பம்புகள் அதை மூளைக்குள் தங்க விடாததுதான். பழைய சளி மாத்திரை போட்டால் தூக்கம் சொக்குகிறது, புதியவை சிலவற்றில் அவ்வளவு சொக்குவதில்லை. அதுவும் இந்த கேட் விஷயம்தான்.

அண்ணனின் மாத்திரைக்கு வருகிறேன். பார்க்கின்சனில் மூளையில் டோபமைன் குறைகிறது. டோபமைனையே கொடுத்தால் சுவர் விடாது. ஆகவே லெவோடோபா என்ற முன்பொருளைக் கொடுக்கிறார்கள். அது அமினோ அமிலம் என்பதால் அந்த வாசலில் பாஸ் உண்டு. உள்ளே போய் டோபமைனாக மாறிக்கொள்ளும். கூடவே கார்பிடோபா என்று ஒன்று சேர்க்கிறார்கள். லெவோடோபா வெளியிலேயே மாறி வீணாகாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்குச் சுவரைத் தாண்ட முடியாது, அதனால் உள்ளே வேலையைக் கெடுக்காது. சுவரையே நமக்குச் சாதகமாக்கிய சாமர்த்தியம் இது. இந்த நேரத்தில் முட்டையும் பாலும் சாப்பிட்டால், அவற்றின் அமினோ அமிலங்களும் அதே வாசலில் வரிசையில் நிற்கும். மாத்திரை பின்னால் தள்ளப்படும்.

மற்ற நோய்களிலும் இந்தப் போராட்டம் நடக்கிறது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதுகில் ஊசி போட்டு மருந்து கொடுப்பதைப் பார்த்துப் பெற்றோர் துடிப்பார்கள். நரம்பில் கொடுப்பது மூளைக்குப் போதிய அளவு எட்டாது என்பதால்தான் அந்த வழி. கேளா ஒலி அலைகளால் சுவரைச் சில மணி நேரம் மட்டும் இளக்கி மருந்தை அனுப்பும் முறையும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வழி. மூளைக்கு இரும்புச் சத்து வேண்டும். அதைச் சுமந்து வரும் புரதத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் சுவரில் இருக்கின்றன. மருந்தை அந்த ஏற்பியில் ஒட்டும் ஒன்றோடு சேர்த்துக் கட்டிவிட்டால், ஏற்பியே அதை உள்ளே கொண்டுபோய்விடும். ஹன்டர் நோய் என்ற பிறவிக் குறைபாட்டுக்கு இப்படிச் செய்த ஒரு மருந்தை 2021-ல் ஜப்பான் அனுமதித்தது. செல்லின் மேல் குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடிக்கும் ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று 1890-களின் இறுதியிலேயே எழுதத் தொடங்கியவர் யார் தெரியுமா? பால் எர்லிக். சுவரைக் கண்டும் கவனிக்காமல் விட்டவரின் இன்னொரு யோசனைதான் இன்று அந்தச் சுவருக்குச் சாவியாகி வருகிறது.

நண்பர்களே, நம் பிளாக்குகளில் பார்க்கின்சன், வலிப்பு, பக்கவாதம் என்று மருந்து சாப்பிடுகிற பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். மாத்திரை கேட்கவில்லை என்றால் நாமாக நிறுத்தவும் வேண்டாம், அளவைக் கூட்டவும் வேண்டாம். எப்போது, எதோடு சாப்பிடுகிறோம் என்று ஒரு வாரம் எழுதி வைத்து, அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். எங்களுக்கு அப்படித்தான் விடை கிடைத்தது.

அண்ணன் இப்போது காலை ஆறரைக்கு அலாரம் வைத்து மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். முட்டை ஏழு மணிக்கு மேல்தான். நடுக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனால் போன மாதம் வங்கிப் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். அது அவருடைய பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பழக்கதோஷத்தில் பார்த்தேன். ஒத்துப்போனது.